மிதிவண்டியில் பணிக்கு

காலை ஆறு மணி. பெங்களூரின் சாலைகள் இன்னும் முழுமையாக விழிக்கவில்லை. அதற்குள் மிதிவண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. செய்தித்தாள் கட்டைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் விரைகிறார். இரவுக் காவலை முடித்த காவலாளி வீடு திரும்புகிறார். கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார் ஒருவர் உணவுத் தூக்கைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்துச் செல்கிறார். எட்டு மணிக்குமேல் பேருந்துகளும் மகிழுந்துகளும் சாலையை நிறைத்துவிடும். அப்பொழுது இவர்கள் நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

நாம் மிதிவண்டி என்கிறோம். இலங்கைத் தமிழர் துவிச்சக்கரவண்டி என்றும் எழுதுவர். வீட்டில் எல்லாரும் சைக்கிள் என்றே சொல்கிறோம். கன்னடம் பேசும் நம் அண்டை வீட்டாரும் அவ்வாறே சொல்கின்றனர். பெயர் எதுவாயினும், பெங்களூருக்கு இது புதிய ஊர்தி அன்று. 1940இல் இங்கு விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும் 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டன. இத்தகைய ஆலைகளில் பணியாற்றத் தமிழகத்திலிருந்து குடும்பங்கள் பல வந்து குடியேறின. அக்காலத்தில் தொழிலாளர்கள் மிதிவண்டியில் பணிக்குச் செல்வது இயல்பான காட்சி. உங்கள் தாத்தாவோ அவர்தம் நண்பரோ அவ்வாறு சென்றிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். பிறகு ஸ்கூட்டர் வந்தது, மகிழுந்து வந்தது. மிதிவண்டி வீட்டின் மூலைக்குச் சென்றது.

இன்று அலுவலகம் செல்வோர் சிலர் மீண்டும் அதனைத் துடைத்து எடுக்கின்றனர். எடுத்தவர் எல்லாரும் தொடர்வதில்லை. இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவோரும் உண்டு. கால்வலியால் நிறுத்துவோர் சிலரே. வழியை அறியாமல் புறப்பட்டு, அச்சத்தால் நிறுத்துவோரே பலர். ஆகவே, பெங்களூரில் மிதிவண்டியில் பணிக்குச் செல்லத் தொடங்கும் ஒருவர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தொலைவும் நேரமும்

ஒருவரின் வீடு அல்சூரில் இருக்கிறது. அலுவலகம் கோரமங்கலத்தில் இருக்கிறது என்று கொள்வோம். இடைத்தொலைவு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். புதிதாகத் தொடங்குபவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல இயலும். அவ்வாறாயின் 28 நிமிடங்களில் அலுவலகத்தை அடையலாம்.

மகிழுந்தில் சென்றால் எவ்வளவு நேரம் ஆகும்? உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை டாம்டாம் என்னும் நிறுவனம் ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டில் பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 நொடி ஆயிற்று என்று அது கணக்கிட்டது. நெரிசல் மிகுந்த வேளைகளில் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் 7 கிலோமீட்டரைக் கடக்க 23 நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். வேறுபாடு ஐந்து நிமிடங்களே. மகிழுந்தை நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால் அந்த ஐந்து நிமிடமும் மறைந்துவிடும்.

ஆயினும் மிதிவண்டியே எப்பொழுதும் விரைவானது என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையே 20 கிலோமீட்டர் இருந்தால், நாள்தோறும் இருவேளையும் மிதிப்பது தொடக்கநிலையினருக்கு எளிதன்று. அவர்கள் மெட்ரோ நிலையம் வரை மிதிவண்டியில் சென்று, அங்கிருந்து தொடர்வண்டியில் செல்லலாம். ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரையிலான தொலைவே தொடங்குவதற்கு ஏற்றது.

ஏரியும் மேடும்

சென்னையில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர் பெங்களூருக்கு வந்தவுடன் ஒன்றை உணர்வார். சென்னை சமதளம், இந்நகரம் அவ்வாறன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாக அமைந்த நிலம் இது. காற்று குளிர்ந்திருப்பதால் காலைப் பயணம் இனிது. ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்திற்குக் காரணம் உண்டு. நகரின் நடுவே உயர்ந்த மேட்டு நிலம் உள்ளது. அதன் இருபுறமும் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. மேற்கே விருஷபாவதிப் பள்ளத்தாக்கு. அதில் பெய்யும் மழை அர்க்காவதி ஆற்றின் வழியே காவிரியைச் சேர்கிறது. கிழக்கே கோரமங்கலம்-சல்லகட்டா, ஹெப்பாள் ஆகிய பள்ளத்தாக்குகள். அங்குப் பெய்யும் மழை தென்பெண்ணையை அடைகிறது. எப்பக்கம் பெய்தாலும் அந்நீர் தமிழகம் நோக்கித்தான் செல்கிறது என்பது நமக்குச் சுவையான செய்தி அல்லவா?

முற்காலத்தில் மக்கள் இப்பள்ளங்களின் குறுக்கே கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். ஆதலால் இறக்கத்தின் அடியில் ஏரி இருக்கும். ஏரி மறைந்துவிட்டாலும் இறக்கம் மறையாது. இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடம் முன்பு தர்மாம்புதி ஏரியாக இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்குமிடம் சம்பங்கி ஏரியாக இருந்தது. மகிழுந்தில் செல்பவருக்கு இவை வெறும் செய்தி. மிதிவண்டியில் செல்பவரோ மிதிக்காமலே வண்டி உருண்டோடும்பொழுது பழைய ஏரியின் பள்ளத்தில் இறங்குவதை உடலால் அறிகிறார். திரும்பும்பொழுது இன்னும் நன்றாக அறிகிறார்.

ஊர்ப்பெயர்களும் வழிகாட்டும். கன்னடத்தில் 'கெரெ' என்றால் ஏரி. 'தின்னெ' என்றால் மேடு. அரெகெரெ, ஹொசகெரெஹள்ளி என்னும் பெயர்களைக் கேட்டால் அருகில் தாழ்நிலம் உண்டு என்று எண்ணலாம். கொத்தனூர் தின்னெ என்று பெயர்ப்பலகை சொன்னால், மூச்சைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்! கன்னடம் அறிந்த மாணவருக்கு நகரின் வரைபடமே ஒரு வழித்துணை.

ஏற்றத்தில் உதவுவது கியர். மிதிகட்டையுடன் இணைந்த முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 22 பற்களும் உள்ளன என்று கொள்வோம். முன்சக்கரப் பற்கள் ஒருமுறை சுழலும்பொழுது பின்சக்கரம் இருமுறை சுழலும். பின்சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனில், ஒரு மிதிக்கு வண்டி 4.2 மீட்டர் செல்லும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நாம் மேலே கொண்ட வேகமும் இதுவே. ஏற்றத்தில் முன்னும் பின்னும் 28 பற்கள் உள்ள இணைக்கு மாற்றினால், ஒரு மிதிக்கு 2.1 மீட்டர் மட்டுமே நகர்வோம். வேகம் பாதியாகிறது, ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசையும் பாதியாகிறது. கால் தளர்வதற்கு முன்பே, ஏற்றத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிட வேண்டும் என்பதைப் புதியவர் பலர் அறிவதில்லை. பாதி ஏற்றத்தில் சங்கிலி இறுகியபின் மாற்ற முயன்றால் அது கழன்றுவிடவும் கூடும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

அல்சூரிலிருந்து கோரமங்கலத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. தொம்லூர் வந்து உள்வட்டச் சாலையில் செல்வது ஒன்று. அது நேரானது, அகன்றது. ஆனால் அங்கு ஊர்திகள் மிக விரைவாகச் செல்லும். டிரினிட்டி சந்திப்பைக் கடந்து ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா வழியே செல்வது மற்றொன்று. அது சற்றுச் சுற்று. வளைவுகளும் கடைத்தெருக்களும் மிகுதி. ஆயினும் அங்கு யாரும் விரைந்து செல்ல இயலாது. மிதிவண்டி ஓட்டுபவருக்கு இந்த இரண்டாம் வழியே சிறந்தது. தொலைவு குறைந்த வழியைவிட, உடன்செல்லும் ஊர்திகளின் வேகம் குறைந்த வழியே பாதுகாப்பானது. கைப்பேசி காட்டும் வரைபடம் மகிழுந்துக்கு ஏற்ற வழியையே முதலில் காட்டும். அதனை அப்படியே நம்ப வேண்டா. (தொம்லூர் வழியே செல்பவர் ஒரு விடுமுறை நாளில் அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலைக் காணலாம். அதில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன.)

தேர்ந்த வழியில் முதற்பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மேற்கொள்வது நல்லது. அன்று நெரிசல் இராது. எங்கே பள்ளம், எங்கே வண்ணம் பூசப்படாத வேகத்தடை, எங்கே மழைநீர் வடிகால் கம்பிகள் சாலையின் போக்கிலேயே அமைந்துள்ளன என்பவற்றைக் கண்டு மனத்தில் குறித்துக்கொள்ளலாம். அக்கம்பிகளின் இடைவெளியில் மெல்லிய டயர் சிக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார்!

புதியவர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. அஞ்சி அஞ்சிச் சாலையின் இடது விளிம்பை ஒட்டியே செல்வர். அங்கேதான் மணலும் கண்ணாடித் துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கும். நிறுத்தி வைக்கப்பட்ட மகிழுந்தின் கதவு திடீரெனத் திறப்பதும் அங்கேதான். ஆகவே நிற்கும் ஊர்திகளிலிருந்து ஒரு மீட்டர் விலகி, நேர்கோட்டில் செல்ல வேண்டும். அப்பொழுது பின்னால் வருபவருக்கும் நாம் தெளிவாகத் தெரிவோம். திரும்புவதற்குமுன் பின்னால் பார்த்து, கையை நீட்டிக் காட்ட வேண்டும். பேருந்துக்கும் நடைமேடைக்கும் இடையே உள்ள சந்தில் ஒருபொழுதும் நுழையக் கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் நாம் தெரியாத இடம் அது.

இரவில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு. பின்விளக்கு பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. ஒன்றை மட்டுமே வாங்கப் பணம் இருக்கிறது என்று சொல்பவர் இன்னும் சில நாள் பகலில் மட்டும் ஓட்டுவதே அறிவுடைமை. தலைக்கவசம் அணிவதும் இன்றியமையாதது.

மாணவர்களாகிய நீங்கள் பெரியவர் துணையின்றி முதன்மைச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வியர்வை, மழை, பூட்டு

"வியர்த்து நனைந்து அலுவலகம் செல்வது எப்படி?" என்பது பலர் கேட்கும் வினா. பெங்களூரின் காலைக் குளிர் இதற்குப் பாதி விடை. முதுகில் பை சுமக்காமல் பின்தட்டில் கட்டிச் சென்றால் முதுகு வியர்ப்பது குறையும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு மாற்றுச் சட்டையும் வைத்துக்கொண்டால் மீதி விடையும் கிடைத்துவிடும்.

மழை வேறு வகை. இங்கு ஏப்பிரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் பெரும்பாலும் மாலையில்தான் கனமழை பெய்யும். சரியாகப் பணி முடியும் நேரம். நீர் தேங்கிய சாலையில் பள்ளம் எது, திறந்த வடிகால் எது என்று தெரியாது. அந்நேரத்தில் அரைமணி காத்திருப்பதோ, வண்டியை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டுப் பேருந்தில் திரும்புவதோ தோல்வியன்று. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தவுடன் வண்டி நிற்காது என்பதால், வழக்கத்தைவிட முன்னதாகவே, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும்.

பூட்டும்பொழுது சக்கரத்தை மட்டும் பூட்டினால் திருடன் வண்டியைத் தூக்கிச் சென்றுவிடுவான். அசையாத கம்பியோடு வண்டியின் சட்டத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். வழியில் உள்ள பஞ்சர் கடைகள் இரண்டையேனும் தெரிந்து வைத்துக்கொள்ளுதல் நன்று.

ஓட்டவே தெரியாதவர்

சிறுவயதில் மிதிவண்டி கற்காத பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், "இனி எங்கே கற்பது?" என்று தயங்குவர். அவர்களுக்கு விடை தமிழகத்திலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவு கற்பிக்கும் இயக்கம் அது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துடன் மிதிவண்டியையும் பெண்கள் கற்க வேண்டும் என்று அவ்வியக்கம் முனைந்தது. வயல்வேலை செய்வோர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காத இடங்களில், நடுக்கம்பி உள்ள ஆண்கள் வண்டியிலேயே பழகினர். பேருந்துக்காகக் காத்திருக்காமலும் கணவரையோ தம்பியையோ எதிர்பாராமலும் சந்தைக்கும் வேலைக்கும் செல்ல அவர்களால் முடிந்தது. கேலி பேசியோரும் இருந்தனர். வண்டிகள் நிற்கவில்லை.

நகரம் தர வேண்டிய இடம்

இதுவரை கண்டவை யாவும் ஓட்டுபவர் செய்ய வேண்டியவை. அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பின்னால் விரைந்து வரும் ஊர்தியின் கவனம் அவர் கையில் இல்லை. எனவே நகரமும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

2020இல் கொரோனா பரவிய காலத்தில் பெங்களூரில் ஒரு முயற்சி நடைபெற்றது. வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு சந்திப்பு முதல் கிருஷ்ணராஜபுரம் பகுதி வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. சாலையின் ஓரத்தில் சிறு தூண்களை நட்டு அதனைப் பிரித்தனர். தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் மிகுந்த சாலை அது. சிலர் அத்தடத்தை நம்பியே மிதிவண்டி வாங்கினர். ஆனால் தூண்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. இருசக்கர உந்துகள் உள்ளே நுழைந்தன. மகிழுந்துகள் அங்கே நின்றன. பின்னர் அதே சாலையில் மெட்ரோ பாதைப் பணியும் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் தடம் பயனற்றுப் போயிற்று. இதற்கு முன்பு ஜெயநகரில் அமைத்த தடங்களும் ஊர்திகள் நிற்கும் இடமாக மாறியிருந்தன. வண்ணக்கோடும் சிறுதூணும் மட்டும் ஒரு தடத்தைக் காத்துவிடா. அதில் நிற்கும் ஊர்தியை அன்றன்றே அகற்ற ஆள் வேண்டும் என்பது என் கருத்து.

நெதர்லாந்து நாட்டைப் பற்றிப் பேசுவோர் அங்கு எல்லாரும் மிதிவண்டி ஓட்டுவது அந்நாட்டின் இயல்பு என்பர். அது முழு உண்மையன்று. அங்கும் மகிழுந்துகள் பெருகிச் சாலைகளை நிறைத்த காலம் உண்டு. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். ஆம்ஸ்டர்டாம் நகரின் சிறுவர்கள் தாங்கள் விளையாடும் தெருவில் ஊர்திகளைத் தடுத்து நின்றனர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் உழைத்தே அந்நாட்டினர் இன்றுள்ள தடங்களை அமைத்தனர்.

அதே ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் அமைப்பு, உலக நகரங்களில் 'மிதிவண்டி மேயர்' என்னும் பொறுப்பை ஏற்படுத்தி வருகிறது. இவர் தேர்தலில் வென்ற மேயர் அல்லர். மிதிவண்டிக்காக நகரிடம் பேசும் தன்னார்வலர். பெங்களூரில் 2018இல் சத்யா சங்கரன் இப்பொறுப்பை ஏற்றார். அவர் முனைப்பில் 'சைக்கிள் டு வர்க்' என்னும் திட்டம் தோன்றியது. பணிக்கு மிதிவண்டியில் சென்ற ஊழியர் அப்பயணத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வார். எந்த நிறுவனத்தில் மிகுதி என்று போட்டி நடைபெறும். போட்டி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் நகரில் மிதிவண்டி ஓட்டுவோர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை காட்டினால்தான் தடம் கேட்க இயலும்.

அந்த எண்ணிக்கையிலும் ஒரு குறை உண்டு. நாம் தொடக்கத்தில் கண்ட காவலாளியும் கொத்தனாரும் செய்தித்தாள் இளைஞரும் அதில் பதிவதில்லை. அவர்கள் உடல்நலத்திற்காகவோ போட்டிக்காகவோ ஓட்டவில்லை. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த ஓட்டுகின்றனர். தலைக்கவசமும் பின்விளக்கும் இல்லாமல், எவரும் மேயர் என்று பெயர் சூட்டாத காலத்திலிருந்தே ஓட்டி வருகின்றனர். உள்தெருக்களில் எவ்வழி நல்லது, எக்கடையில் நியாயமான விலைக்குப் பஞ்சர் ஒட்டுவர், எவ்விடத்தில் மழைநீர் தேங்கும் என்பவற்றை அவர்களைவிட நன்கு அறிந்தோர் இந்நகரில் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் வரைபடத்தைத் திறப்பதற்குமுன் தம் குடியிருப்பின் வாயிலில் நிற்கும் காவலாளியைக் கேட்கலாம்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் மிதிவண்டியில் பணிக்குச் செல்லும் ஒருவரிடம், அவர் எங்கிருந்து எங்குச் செல்கிறார், எத்தனை நிமிடம் ஆகிறது, வழியில் அவர் அஞ்சும் இடம் எது என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து, ஏற்றங்களையும் இறக்கங்களையும் குறியுங்கள். அவ்வழியில் 'கெரெ' என்று முடியும் பெயர் ஏதேனும் இருந்தால், அங்கு இன்னும் ஏரி இருக்கிறதா என்பதையும் அறிந்து எழுதி வாருங்கள்.